பாலம் தாண்டும் வண்டி: எண்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு வாரியோ 150

வீடு மலேசியாவின் பிறையில், வேலை பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். நடுவில் கடல்மேல் போகும் பினாங்குப் பாலம். இந்தப் பாதையில்தான் என் ஹோண்டா வாரியோ 150 ஸ்கூட்டர் ஆறு வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மீட்டர் எண்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. புது வண்டியை ஒரு வாரம் ஓட்டிவிட்டு எழுதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஷிப்ட் வேலைக்குப் போய் வந்து தேய்ந்த வண்டி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 150 சிசிக்குச் சற்றே குறைவு, தண்ணீரால் குளிரும் ரகம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன், கூலண்ட் அளவைப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை அதைத் திறக்க வேண்டிய தேவை வரவில்லை. கவனம் முழுக்க வேண்டியது இடது பக்கம், அந்த நீளமான கறுப்பு மூடிக்குள். கியர் மாற்றாமலேயே பெல்ட் வழியாகச் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் சிவிடி அங்கேதான் இருக்கிறது.

என் மெக்கானிக் அண்ணன் அந்த மூடியைக் கழற்றும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன். உள்ளே கறுப்புத் தூள் படிந்திருக்கும். பெல்ட் தேயத் தேய உதிர்ந்தது கொஞ்சம், கிளட்ச் கட்டையிலிருந்து வந்தது கொஞ்சம். பெல்ட்டின் உட்பக்கம் பல் பல்லாக இருக்கும். அதைப் பின்பக்கமாக வளைத்தால் பற்களின் இடுக்கில் மெல்லிய வெடிப்பு தெரியும். முன் கப்பிக்குள் ஆறு ரோலர்கள், வேகத்துக்கு ஏற்பக் கப்பியைத் தள்ளும் சின்ன உருளைகள். நன்றாக இருக்கும் ரோலர் உள்ளங்கையில் தடையில்லாமல் உருளும். தேய்ந்தது ஒரு பக்கம் தட்டையாகி, அந்த இடத்தில் நின்றுவிடும். ரோலர் தட்டையானால் வண்டி இழுக்காது: எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. “பெட்ரோல்ல கோளாறுன்னு நினைச்சுக்கிட்டு வருவாங்க தம்பி, திறந்து பார்த்தா இதுதான்” என்று அவர் அடிக்கடி சொல்வார்.

பெல்ட்டை 24,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிறார்கள். நான் இருபதாயிரத்திலேயே மாற்றிவிடுகிறேன். காரணம் பாலம்தான். 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் பெல்ட் அறுந்தால், கார்களும் லாரிகளும் உரசிக்கொண்டு போகும் ஓரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அந்தப் பயத்தோடு ஒப்பிட்டால் நாலாயிரம் கிலோமீட்டர் மிச்சம் ஒரு மிச்சமே இல்லை. பெல்ட் மாற்றும்போதே ரோலரையும் மாற்றி, கிளட்ச் கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்துவிட வேண்டும். சிக்னலில் நகரும்போது வரும் அந்த உதறல் அதோடு போய்விடும். சிவிடி உள்ள பல ஸ்கூட்டர்களுக்கும் இந்த உதறல் உண்டு. அப்புறம் பின் சக்கரத்துக் கியர் ஆயில். சின்ன அளவுதான், ஆனால் கேட்டு மாற்றாவிட்டால் பல கடைகளில் விட்டுவிடுவார்கள்.

எடை குறைந்த ரோலர் போட்டால் கிளம்பும் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் பாலத்தில் ஒரே வேகத்தில் போகும்போது எஞ்சின் வீணாகக் கத்தும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். தினசரி வேலைக்கு வண்டியோடு வந்த எடையே சரி.

பாலத்தின் நடுப்பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கப்பல் போவதற்காக அங்கே தண்ணீரிலிருந்து 33 மீட்டர் உயரம் விட்டிருக்கிறார்கள். ஏற ஏறக் காற்று பக்கவாட்டில் அறையும். வாரியோவின் எடை 112 கிலோ. ஜார்ஜ் டவுன் சந்துகளில் வரமாகத் தெரியும் அந்த லேசு இங்கே வேலை வாங்கும். வேகத்தைக் குறைத்து, கைகளை இறுக்காமல் பிடித்தால் வண்டி தானாகவே நேராகிக்கொள்ளும். மழையும் காற்றும் சேர்ந்தால் நான் பாலத்தில் ஏறுவதே இல்லை, இந்தப் பக்கமே ஒதுங்கி நிற்பேன். கடல் காற்றின் உப்பு இன்னொரு தொல்லை. புகைபோக்கி போல்ட்டுகள்தான் முதலில் துரு ஏறும், வாராவாரம் நல்ல தண்ணீரில் கழுவுவது அவசியம்.

செலவு விஷயத்தில் இந்த வண்டிக்கு ஈடு சொல்வது கஷ்டம். லிட்டருக்கு 45 கிலோமீட்டரை ஒட்டிக் கொடுக்கிறது. 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து மைகார்டு என்ற மலேசிய அடையாள அட்டை உள்ளவர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். 5.5 லிட்டர் டேங்க் பதினோரு ரிங்கிட்டுக்குள் நிரம்பிவிடும். டேங்க் சின்னது என்பது என் ஒரே குறை, நாலு நாளைக்கு ஒருமுறை பம்புக்குப் போக வேண்டியிருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு 1.40 ரிங்கிட்டாக இருந்த பாலக் கட்டணத்தை 2019 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற தொழிலாளிகளுக்கு அது பெரிய உதவி.

அப்பாவின் ஹோண்டா இஎக்ஸ்5 இன்னும் வீட்டில் ஓடுகிறது. அது கப்சாய், அதாவது செயினில் ஓடும் சின்ன மோட்டார் சைக்கிள். உழைப்பில் கப்சாயை அடித்துக்கொள்ள முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழைக்காலத்தில் செயினுக்கு எண்ணெய் விடும் வேலை வாரியோவில் இல்லை. காலடியில் தட்டையான இடமும் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் உடைக்கும் தேங்காய் மூட்டையை அங்கேதான் வைத்துக் கொண்டுபோவேன். கப்சாயில் அதைப் பின்னால் கட்டி, வழி நெடுகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

வாரியோ 160க்கு மாறலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல வண்டி, இழுவையும் கூடுதல். ஆனால் 150 சிசி வரை சாலை வரி வருடத்துக்கு 2 ரிங்கிட், அதைத் தாண்டினால் 30. தொகை பெரிதில்லை என்றாலும், என் பாதைக்கு அந்தக் கூடுதல் சக்தியும் தேவைப்படவில்லை.

பழைய வாரியோ வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சூடாகும் முன்பே ஓட்டிப் பாருங்கள். ஒரு சின்ன ஏற்றத்தில் நிறுத்தி, மெதுவாக முறுக்கிக் கிளப்புங்கள். உதறினால் கிளட்சும், சத்தம் மட்டும் ஏறினால் ரோலரும் பெல்ட்டும் வேலை கேட்கின்றன என்று வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.