ஆசிரியர் பயிற்சி முடிந்து எட்டு ஆண்டுகள்: என் வகுப்பில் எது நின்றது, எது போனது

சிறு நகரம் ஒன்றிலுள்ள பொறியியல் கல்லூரியில் ஈ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) துறையில் பாடம் எடுக்கிறேன். 2017இல் ஐ.ஐ.டி. பம்பாய் ஆசிரியர்களுக்காக இணையவழியில் நடத்திய எஃப்.டி.பி. 101எக்ஸ், அதன் தொடர்ச்சியான 201எக்ஸ் என்ற இரண்டு பயிற்சிகளையும் முடித்தேன். முதலாவது வகுப்பறைத் தொழில்நுட்பத்தின் அடிப்படைகளைச் சொல்லித்தந்தது. இணையத்தையும் நேர்வகுப்பையும் கலந்து ஒரு பாடத்தை எப்படி அமைப்பது என்பதை இரண்டாவது கற்றுத்தந்தது. பயிற்சி முடிந்த கையோடு கருத்துப் படிவத்தை நாம் எல்லோரும் மனம் நிறைந்துதான் நிரப்புகிறோம். ஆறு செமஸ்டர், பத்து செமஸ்டர் கழித்து அதில் என்ன மிஞ்சியது என்று யாரும் கேட்பதில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது அதைத்தான். அவர்களுக்காக எழுதுகிறேன்.

அதற்கு முன்பும் பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். ஐந்து நாள், ஆறு நாள், பேனர், பொன்னாடை, தொடக்க விழாவிலேயே பாதி நாள். கற்பித்தல் முறைகள் என்ற தலைப்பில் ஒருவர் இரண்டு மணி நேரம் ஸ்லைடுகளைப் படித்துக்காட்டுவார். மாணவர்களைப் பேசவையுங்கள் என்று சொல்லிக்கொண்டே எங்களைப் பேசவிட மாட்டார். சான்றிதழ் பதவி உயர்வுக் கோப்புக்குள் போய்விடும். திங்கட்கிழமை காலை முதல் பீரியடில் நான் எப்போதும் போலப் போர்டைப் பார்த்து எழுதத் தொடங்குவேன். அந்த ஐந்து நாளில் என் சிலபஸின் ஒரு வரிகூட மேசைக்கு வந்திருக்காது, காரணம் அதுதான். இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஆசிரியர்களின் ஐந்து நாட்களை அப்படி வீணடிக்கக் கூடாது.

201எக்ஸில் வேறாக இருந்தது என்னவென்றால், என் பாடத்திலிருந்தே ஒரு தலைப்பை எடுத்து அதை நானே வடிவமைக்க வேண்டியிருந்தது. வீடியோக்கள் சிறியவை. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார்கள். நோட்டில் பதிலை எழுதிவிட்டுத்தான் மேலே பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது கிர்ச்சாஃப் விதிகள், ஒரு சர்க்யூட்டில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் எப்படிப் பிரிகின்றன என்று சொல்பவை. "இந்த வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கிர்ச்சாஃப் விதிகளைப் புரிந்துகொள்வார்கள்" என்று எழுதினேன். உடன் பயின்ற ஓர் ஆசிரியை அதைப் படித்துவிட்டு, "புரிஞ்சுதான்னு எப்படி மேடம் பாப்பீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதினொரு ஆண்டு பாடம் எடுத்த பிறகு அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதில் தேடியபோதுதான் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் தன் மாணவர்களிடம் கேட்ட ஒரு கேள்வியைப் படித்தேன். ஒரே மாதிரியான மூன்று பல்புகள் ஒரு பேட்டரியோடு தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாவது பல்புக்குக் குறுக்கே ஒரு சுவிட்ச். சுவிட்சை மூடினால், அதாவது ஆன் செய்தால், ஒவ்வொரு பல்பின் வெளிச்சமும் என்ன ஆகும்? அவருடைய மாணவர்கள் சமன்பாடு எழுதிப் போடும் வழக்கமான கணக்கை நன்றாகப் போட்டார்கள், இதில் தடுமாறினார்கள். இதை அப்படியே என் வகுப்பில் கேட்டேன். மூன்று மெஷ் (மூடிய சுற்று) உள்ள சர்க்யூட்டை, சமன்பாடுகளைத் தீர்க்கும் கிராமர் விதியில் பிழையில்லாமல் போடும் பிள்ளைகள் அவர்கள். பாதிக்கு மேல், "ரெண்டும் அப்படியே எரியும், மூணாவது மட்டும் அணையும்" என்றார்கள். மூன்றாவது அணைவது சரி, கரண்ட் அதை விட்டு சுவிட்ச் வழியே போய்விடும். ஆனால் மீதி இரண்டுக்கும் இப்போது ஆளுக்குப் பாதி வோல்டேஜ் கிடைக்கிறது. முன்பு மூன்றில் ஒரு பங்குதான். மின்தடை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் திறன் இரண்டேகால் மடங்கு. பளிச்சென்று எரிய வேண்டும். முழு மதிப்பெண் வாங்கிய ஒரு பெண், "மேடம், இந்தக் கணக்குல கரண்ட் எங்க போகுதுன்னு நான் ஒரு தடவைகூட யோசிச்சதில்ல" என்றாள். அவள் சொன்னது என்னை உலுக்கியது. அவளை அப்படிப் பழக்கியது நான்தானே.

அன்றிலிருந்து என் பாடத் திட்டம் தலைகீழானது. முன்பெல்லாம் யூனிட்டைத் திறந்து முதல் தலைப்பிலிருந்து மணிக்கணக்கைப் பிரிப்பேன். இப்போது கேள்வியில் தொடங்குகிறேன். இந்த யூனிட் முடிந்ததும் மாணவர் என்ன செய்து காட்ட வேண்டும், அதை எந்தக் கேள்வியால் பார்ப்பேன் என்று முதலில் எழுதுவேன். அந்தக் கேள்விக்குத் தயாராவதற்கு என்ன பயிற்சி தேவை என்பது அடுத்து. என் விளக்கவுரை கடைசியில்தான் வரும். அண்ணா பல்கலைக்கழகத் தாளின் 2017 விதிமுறைப்படி 2 மதிப்பெண் பத்து, 13 மதிப்பெண் ஐந்து, 15 மதிப்பெண் ஒன்று. 2 மதிப்பெண் கேள்விகளை மனப்பாடத்தில் கடந்துவிடலாம். அதனால் இன்டர்னல் தாளில் அவற்றுள் நான்கையாவது பல்பு கேள்வி மாதிரி, கணக்கே இல்லாமல் காரணம் சொல்லும் கேள்வியாக வைக்கிறேன். முதல் வருடம் சராசரி இறங்கியது. எச்.ஓ.டி.யிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு செமஸ்டரில் சரியாயிற்று.

சி.ஓ. (ஒரு பாடத்தின் முடிவில் மாணவர் அடைய வேண்டியது), பி.ஓ. (முழுப் படிப்பின் முடிவில் அடைய வேண்டியது) பற்றி ஒரு வார்த்தை. 2014 ஜூனில் இந்தியா, பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டின் நிரந்தர உறுப்பினரானது. அதையொட்டி என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரம் முழுக்க மாணவர் அடையும் விளைவுகளை மையமாக வைத்தே நடக்கிறது. யோசனை அருமையானது, பல்பு கேள்வி கற்றுத்தந்ததும் அதுவே. ஆனால் பல இடங்களில் அது ஓர் அட்டவணையாகச் சுருங்கிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். கற்றலின் படிநிலைகளைச் சொல்லும் புளூம் பட்டியலிலிருந்து வினைச்சொல்லை மாற்றி ஒட்டுவது, எந்த சி.ஓ. எந்த பி.ஓ.வுக்கு எவ்வளவு உதவுகிறது என்று 1, 2, 3 எண்களை இட்டு நிரப்புவது, குழு வருவதற்கு முந்தின இரவு போன வருடக் கோப்பின் தேதியைத் திருத்துவது. புதியவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஐந்து சி.ஓ.வையும் ஒரே செமஸ்டரில் திருத்த வேண்டாம். ஒன்றை எடுத்து, அதற்கான கேள்வி, பயிற்சி, விடைத்தாள் மூன்றையும் கடைசிவரை பின்தொடருங்கள். அடுத்த செமஸ்டரில் இன்னொன்று.

இனி கருவிகள். எட்டு ஆண்டும் என்னோடு இருப்பது மூடுல். 2002இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்ட, பாடங்களை இணையவழியில் நடத்த உதவும் இலவச மென்பொருள் அது. எங்கள் லேபில் சும்மா கிடந்த ஒரு கணினியில்தான் அதை நிறுவினோம். பலரும் அதை நோட்ஸ் ஏற்றும் அலமாரியாக மட்டும் பயன்படுத்துகிறார்கள். அதன் உண்மையான பலன் வினா வங்கியில் இருக்கிறது. அதிலும் எண்களுக்குப் பதில் குறியீடு வைத்துக் கேள்வி எழுதும் வசதி ஒன்று உண்டு. சூத்திரத்தையும் எண்களின் எல்லையையும் நான் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு மின்தடை, வேறு வேறு வோல்டேஜ் வரும். "ஆன்சர் என்னடா?" என்று கேட்பதில் பயனில்லை. "எப்படிடா போட்ட?" என்று கேட்டால்தான் வேலை நடக்கும். ஹாஸ்டலில் அந்தக் கேள்வியைக் கேட்கவைத்த ஒரு காரணத்துக்காகவே மூடுலுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஒரே ஓர் எச்சரிக்கை: 2019இல் அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க் போனது, இரண்டு செமஸ்டர் வினா வங்கியும் அதோடு போனது. இப்போது ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் பாடத்தின் பேக்கப் கோப்பை இறக்கி இரண்டு இடத்தில் வைக்கிறேன். அடுத்த பேட்சுக்கு அதே கோப்பை ஏற்றினால் போதும்.

வகுப்பில் செல்போனுக்குத் தடை உள்ள கல்லூரி எங்களுடையது. உடனுக்குடன் ஓட்டெடுக்கும் செயலிகள் எவையும் அங்கே உதவாது. பிளிக்கர்ஸ் அட்டைகள்தான் கைகொடுத்தன. ஒவ்வொரு மாணவர் கையிலும் கறுப்புக் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை. அதை எந்தப் பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுவே ஏ, பி, சி, டி. என் போன் ஒன்று போதும், வகுப்பைச் சுற்றிக் காட்டினால் எண்ணிவிடும். பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள். டியூப்லைட் வெளிச்சம் பட்டு போனுக்கு அட்டை தெரியாது. எனக்கு 58 அட்டை அப்படி வீணாயிற்று. ஓட்டுக்குப் பின் என்ன செய்வது என்பதற்கு மஸூர் முறையில் ஓர் அளவு உண்டு. சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் மீண்டும் விளக்க வேண்டும். 70ஐத் தாண்டினால் மேலே போகலாம். இடையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லி மறுபடி ஓட்டு. அந்த இரண்டாவது ஓட்டில் எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கும் மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அது ஓடவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று நான் விதித்திருந்ததே காரணம். என் வகுப்பில் பாதிப் பேர் பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவர்கள். மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை என்று தெளிவாகத் தெரிந்த விஷயத்தை, கரண்ட், வோல்டேஜ், ரெசிஸ்டன்ஸ் என்றதும் புதிதாகப் படிப்பது போலத் திணறினார்கள். தமிழிலேயே பேசுங்கள், எழுதும்போது மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று மாற்றினேன். முதல் வாரமே இரு மொழிச் சொற்பட்டியல் ஒன்றும் கொடுத்தேன். வகுப்பு இரைச்சலானது. நான் கேட்க ஆசைப்பட்ட இரைச்சல் அது. எந்தப் பயிற்சியிலும் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் நடக்கும் ஒவ்வோர் ஆசிரியர் பயிற்சியிலும் இதற்கென்று ஒரு முழு அமர்வு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் (சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் மென்பொருள்) இன்றும் பயனில் இருக்கின்றன. இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும். சர்க்யூட் கட்டும் பலகையில் மூன்று பல்பையும் சுவிட்சையும் திரையில் மாட்டிக் காட்டலாம். ஒழுங்கு மட்டும் முக்கியம்: முதலில் ஓட்டு, பிறகு விவாதம், அதன்பிறகே சிமுலேஷன். முதலிலேயே காட்டிவிட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கைவிட்டவையும் உண்டு. ஸ்மார்ட் போர்டு வந்த செமஸ்டரில் ஆவலாகப் பழகினேன். பேனா ஓரிடத்தில் வைத்தால் எழுத்து ஓரிடத்தில் விழும். சரிசெய்வதிலேயே பத்து நிமிடம் போகும். பழைய கரும்பலகையும் ஒரு புரொஜெக்டரும் எனக்குப் போதும். 50 நிமிட வீடியோக்களையும் விட்டுவிட்டேன். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் தரவுகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வு, வீடியோ எவ்வளவு நீண்டாலும் பாதி மாணவர்களாவது 6 நிமிடத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள் என்று காட்டியது. 2020 ஊரடங்கில் அதைக் கண்ணெதிரே பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. டேட்டாவில் ஐந்து பீரியட் நேரலை பார்க்க எந்தப் பிள்ளையால் முடியும்? 6 நிமிட வீடியோ, கூடவே ஒரு பக்கக் கேள்வித்தாள், சந்தேகத்துக்கு மட்டும் நேரலை என்று மாற்றிக்கொண்டேன். அப்போது 201எக்ஸில் கற்றதுதான் என்னைக் காப்பாற்றியது.

2021 முதல் எங்கள் கல்லூரியில் புதிய ஆசிரியர்களுக்கு நானே பயிற்சி நடத்துகிறேன். தொடர்ந்து ஐந்து நாள் வைப்பதில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, சனிக்கிழமை அரை நாள், செமஸ்டர் முழுக்க. வரும்போது சிலபஸும் போன வருட விடைத்தாள் நான்கும் கொண்டுவர வேண்டும். கற்றதை இடையில் உள்ள இரண்டு வாரத்தில் தன் வகுப்பில் செய்து பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று வந்து சொல்ல வேண்டும். ஏழு நிமிடம் பாடம் எடுத்து, அதை வீடியோவில் தானே பார்க்கும் மைக்ரோ டீச்சிங்கும் உண்டு. 1960களில் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய பழைய முறை அது. கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்கிறோம் என்று எண்ணச் சொல்வேன். ஒரு நொடிகூட இருக்காது. அதைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறும்.

ஒருமுறை ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருந்த பேராசிரியர் ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார். "முப்பது வருஷமா சாக்பீஸ்ல எடுத்தவன்மா நான். இதெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றார். சாக்பீஸை யாரும் பிடுங்கப்போவதில்லை சார், உங்கள் பாடத்துக்கு ஒரு பல்பு கேள்வி மட்டும் எழுதித் தாருங்கள் என்றேன். அடுத்த அமர்வுக்கு மின்மாற்றியைப் பற்றி ஆறு கேள்விகளோடு வந்தார். அவற்றில் இரண்டு இன்றும் எங்கள் வினா வங்கியில் இருக்கின்றன.

எதில் சேர்வது என்று கேட்பவர்களுக்கு: ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகரித்த கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்.ஐ.டி.டி.டி. என்ற எட்டு மாட்யூல் பயிற்சி அரசின் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தில் இருக்கிறது. அதில் பாடம் திட்டமிடுதல் பற்றிய நான்காவதையும் மதிப்பீடு பற்றிய ஆறாவதையும் அவசரமில்லாமல் படியுங்கள், உங்கள் சிலபஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கலை அறிவியல் கல்லூரி நண்பர்கள் 2023இல் தொடங்கிய மாளவியா மிஷன் பயிற்சி மையங்களைப் பாருங்கள். சேரும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பயிற்சி நடக்கும்போதே என் வகுப்பில் எதையாவது செய்து பார்க்கச் சொல்வார்களா? இல்லை என்றால் அந்த நாட்களை உங்கள் மாணவர்களின் விடைத்தாள்களோடு செலவழியுங்கள்.

இந்த செமஸ்டர் பல்பு கேள்வியைக் கேட்டேன். முதல் ஓட்டிலேயே 80 சதவீதம் சரி. ஏன் என்று ஒரு வார்த்தை எழுதச் சொன்னதும் பாதிப் பேருக்குக் காரணம் வரவில்லை. சீனியர்கள் விடையைச் சொல்லிவைத்திருக்கிறார்கள். இரண்டு பல்பு இணையாகவும் இரண்டு தொடராகவும் உள்ள புதிய சர்க்யூட் ஒன்றை நேற்று இரவு வரைந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியடில் அதைக் கேட்கப்போகிறேன்.