இரு சென்டர்கள்: சேம்பர்லெயினும் ரஸ்ஸலும்

கூடைப்பந்தில் கூடைக்கு அருகே நின்று ஆடும் வீரரைச் சென்டர் என்பர். அமெரிக்கச் சென்டரான வில்ட் சேம்பர்லெயினின் ஆட்ட வாழ்க்கையை எண்களே சொல்லிவிடும்: 1961-62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளிகள், 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி நகரில் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள், மொத்தம் 23,924 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுதல்). ஆனால் வென்ற சாம்பியன் பட்டங்கள் இரண்டே.

பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸலோ எந்தப் பருவத்திலும் சராசரி 20 புள்ளிகளை எட்டவில்லை. எனினும் 13 பருவங்களில் 11 பட்டங்களை வென்றார், அவற்றுள் கடைசி இரண்டு அவரே பயிற்சியாளராகவும் இருந்து பெற்றவை. எதிரணி வீரர் எறியும் பந்தைத் தடுக்கும்போது அதை எல்லைக்கோட்டுக்கு வெளியே அறைந்து தள்ளாமல், தம் அணியினர் கைக்குச் செல்லுமாறு தட்டிவிட்டு, அந்த நொடியிலேயே எதிர்த்தாக்குதலைத் தொடங்கிவைத்தது அவருடைய தனித்திறன். ஓர் அணியைப் புதிதாக அமைக்க இருவரில் ஒருவரை மட்டும் எடுக்கலாம் என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ரஸ்ஸலைத் தேர்ந்தெடுப்பேன்.

அதற்காக, சேம்பர்லெயின் தமக்காக மட்டுமே ஆடினார் என்று சொல்வது நியாயமன்று. 1967-68 பருவத்தில் சக வீரர்கள் கூடையிடப் பந்தளித்துக் கொடுத்த மொத்த எண்ணிக்கையில் முதலிடம் பெற்றவர் அவரே. செல்டிக்ஸுக்கு எதிரான 1969 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் முழங்கால் காயத்தால் வெளியேறிய அவரை, அவர் கேட்டும் பயிற்சியாளர் மீண்டும் களமிறக்கவில்லை. செல்டிக்ஸ் 108-106 என வென்ற அந்த ஆட்டமே ரஸ்ஸலின் கடைசி ஆட்டம்.