வீடா, அலுவலகமா, இரண்டும் கலந்தா?

கணினியும் இணையமும் இருந்தால் முடிந்துவிடும் வேலைகளுக்கு இன்று மூன்று ஏற்பாடுகள் உண்டு: முழுக்க அலுவலகம், முழுக்க வீடு, இரண்டும் கலந்தது. (லேத் ஓட்டுபவருக்கும் செவிலியருக்கும் இந்தக் கேள்வியே எழுவதில்லை.)

வீட்டிலிருந்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற பேச்சை முதலில் ஓரம்கட்டிவிடலாம். சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனம் 2010-11இல், விருப்பம் தெரிவித்த கால்சென்டர் ஊழியர்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை வாரம் 4 நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டது. 9 மாதங்களில் அவர்களுடைய வேலைத்திறன் 13% கூடியது. வேலையை விட்டுப் போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். வேலைத்திறன் கூடியதற்கு, இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்ததுதான் முக்கியக் காரணம்.

இதோடு நிறுத்திக்கொண்டால் வீட்டுக்கே வெற்றி. ஆனால் அதே ஆய்வில், சமமான திறமையைக் காட்டியும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. சோதனை முடிந்ததும் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை.

எனக்கு இன்னொரு பயம் உண்டு. அலுவலகத்துக்கு வராமலே முடிக்கிற வேலையை வேறொரு நாட்டில், குறைந்த சம்பளத்தில் இருப்பவரும் முடிக்கலாம். முதலாளிக்கு இது உறைக்க அதிக நாள் ஆகாது. உங்கள் வேலை முழுவதையும் குறிப்பாக எழுதி மின்னஞ்சலில் அனுப்பிவிட முடியுமா? முடியுமென்றால் அந்தக் குறிப்பு வெளிநாட்டு ஆளுக்கும் போகும், செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கும் போகும். எழுதிக் கொடுக்க முடியாதது நிறைய இருந்தால், வீட்டிலிருப்பதில் அவ்வளவு ஆபத்தில்லை.

அலுவலகத்தின் பலமும் அந்த எழுதிக் கொடுக்க முடியாத விஷயங்களில்தான். பக்கத்து மேசைக்காரர் கோபமான வாடிக்கையாளரைச் சமாளிப்பதைக் காதில் வாங்கியே புதியவர் தொழில் கற்கிறார். மைக்ரோசாஃப்டின் 61,000 ஊழியர்களின் தொடர்புகளை அலசி 2021இல் வெளிவந்த ஆய்வும், எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியபின் குழு தாண்டிய பேச்சு சுருங்கியதைக் காட்டியது. அதற்காகத் தினமும் வரச்சொல்வதும் கூத்துதான்: கூட்டத்தில் முட்டிமோதி வந்து சேர்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு இன்னொரு நாட்டுக் குழுவோடு வீடியோவில் பேசுவதற்கு எதற்கு அலுவலகம்?

சரி, கலப்பு முறை? அதே சிட்ரிப், டிரிப்.காம் என்று பெயர் மாறியபின் 1,612 பேரிடம் சோதித்துப் பார்த்தது. வாரம் 2 நாள் வீடு. ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத் தரத்திலோ பதவி உயர்விலோ வித்தியாசமில்லை. அங்கே வீட்டு நாட்கள் புதனும் வெள்ளியும் என்று முன்பே தீர்மானமாகியிருந்தன. அவரவர் இஷ்டத்துக்கு வந்தால் காலி நாற்காலிகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

என் ஓட்டு கலப்புக்கு. முதல் இரண்டு மூன்று வருடங்களில் இருப்பவர் மட்டும் அலுவலகத்தின் பக்கம் சாயட்டும். வேலையில் சேரும் முன், எத்தனை நாள் வரவேண்டும் என்பதோடு, உங்கள் மேலதிகாரி எந்தெந்த நாள் வருவார் என்றும் கேட்டுவிடுங்கள்.