மொட்டைமாடி மீன்தொட்டி: ஏழு மாதம் கழித்து

விலை 28,500 ரூபாய். 300 லிட்டர் நீலத் தொட்டி, அதன்மேல் ஒரு சதுர மீட்டர் கீரைத் தட்டு, 40 வாட் மோட்டார், 30 சாதாக் கெண்டைக் குஞ்சு, 24 நாற்று. கம்பெனி பெயர் வேண்டாம். இதே சாமானை நாலைந்து பேர் நாலைந்து பெயரில் விற்கிறார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தேன். மீன் கழிவுத் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் அக்வாபோனிக்ஸில் முனைவர் பட்டம். பதினோரு வருஷமாக மீன் வளர்ப்புப் பாடம் எடுக்கிறேன். நகரத்துக்குள்ளேயே மீனும் கீரையும் விளைவிக்கலாம் என்று ஊர் ஊராகக் கருத்தரங்கில் பேசியவள். ஆனால் வீட்டில் குழம்புக்கென்று ஒரு மீன் வளர்த்ததில்லை. "நீ என்னத்தட்டி படிச்ச? மீனு வாங்க நாந்தான மார்க்கெட்டுக்குப் போறேன்" என்பாள் அம்மா. அந்த வாய்க்குப் பயந்துதான் வாங்கினேன்.

சாமான் தரத்தில் குறையில்லை. குழாய்கள் கச்சிதமாகப் பொருந்தின, ஒரு சொட்டு ஒழுகவில்லை, மோட்டார் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கவில்லை. பொருத்த வந்த தம்பிகள் இரண்டு மணி நேரத்தில் முடித்தார்கள். தண்ணீர் மட்டுமே 300 கிலோ, மாடி தாங்குமா என்று ஒரு வார்த்தை அவர்கள் கேட்கவில்லை. நானே கொத்தனாரை அழைத்து, பீம் போகும் இடம் பார்த்து வைக்கச் சொன்னேன்.

கோளாறு மீனில்தான். தொட்டி வந்த அன்றே குஞ்சுகளையும் பையில் கொண்டுவந்துவிட்டார்கள். மீன் விடும் அம்மோனியாவை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும், அதைத்தான் கீரை தின்னும். இந்தக் கூட்டங்கள் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் முதல் நாளே மீன் விடுவது, செப்டிக் டேங்க் கட்டாத வீட்டுக்குக் குடிவைப்பது மாதிரி. இதை நான் வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன். எழுதிவிட்டு, பையில் துள்ளும் குஞ்சுகளைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல் தொட்டியில் விட்டேன். அது என் தப்பு, கம்பெனி கணக்கில் எழுத மாட்டேன்.

பதினோராம் நாள் விடிகாலை ஐந்து மணிக்கு மாடி ஏறினால், முப்பதும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடிக்கின்றன. ஐந்து மில்லி தண்ணீரில் சோதனைச் சொட்டுகளை விட்டேன். மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை. எனக்கு வந்தது வாழையிலைப் பச்சை. எங்கள் போர் தண்ணீரின் பி.ஹெச். (அமில-காரத் தன்மையின் அளவு) வேறு 8-ஐத் தாண்டும். 30 டிகிரி வெப்பத்தில் பி.ஹெச். 7 என்றால் அம்மோனியாவில் நஞ்சாக நிற்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதுவே 8 ஆனால் ஏழு சதவீதத்துக்கு மேல். பாதித் தண்ணீரை மாற்றியும் பன்னிரண்டு போயின. என் ஆய்வேட்டில் இதெல்லாம் 'உயிர்பிழைப்பு விகிதம்' என்று ஒரே வரி. செத்ததை அள்ளிப்போட்டது லேப் அண்ணன். இந்த முறை வாளியைப் பிடித்தது நான்.

அடுத்த வாரம் நைட்ரைட் ஏறியது. அதற்கு உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். அம்மா ஊரிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்திருந்த கல்லுப்பில் கால் கிலோ கரைத்தேன். "குழம்பு வைக்கதுக்கு முன்னயே உப்பு போட்டுட்டியே" என்றாள்.

விளம்பரத்தில் 'உரமே வேண்டாம்' என்று போட்டிருக்கிறார்கள். மீன் தீவனத்தில் இரும்புச்சத்து செடிக்குப் போதுமான அளவு இருக்காது. பி.ஹெச். எட்டானால், இருக்கிற இரும்பையும் வேர் எடுக்காது. இரண்டாம் மாதம் பாலக்கின் இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. வேர் எடுக்கும்படி கரைந்தே நிற்கும் கீலேட் செய்த இரும்பு தனியே வாங்கி விட்ட பிறகே தெளிந்தது. அதைவிடப் பெரிய ஓட்டை கணக்கில். இந்தத் துறையின் பிதாமகர், விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ராக்கோசி, கீரைக்கு வகுத்த கணக்கு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் தீவனம். பத்து கிராம் குஞ்சு முப்பது சேர்ந்தாலும் ஒரு நாளைக்குப் பதினைந்து கிராம் தின்றால் அதிகம். 24 நாற்றும் பட்டினி கிடக்காமல் என்ன செய்யும்? மீன் பெருத்து ஐந்தாம் மாதம் ஆனபின் கீரை நிஜமாகவே பொங்கியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு கட்டு பாலக், புதினா கேட்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்கும் போயிற்று.

மீன்? மிஞ்சிய பதினெட்டில் ஒன்று துள்ளி வெளியே விழுந்து காக்கைக்குப் போனது. பதினேழு சேர்ந்து 3 கிலோ 100 கிராம். தீவனம் ஆறு கிலோவுக்கு மேல், மோட்டாருக்கு மாசம் 29 யூனிட். மார்க்கெட் விலையோடு ஒப்பிட்டால் வாய்விட்டுச் சிரிக்கலாம். சேற்று வாடை வராமல் இருக்க இரண்டு நாள் நல்ல தண்ணீரில் பட்டினி போட்டுப் பிறகு குழம்பு வைத்தோம். அம்மா ஒரு துண்டைப் பிட்டு, முள்ளை எடுத்துவிட்டு, "சப்புன்னுதான் இருக்கு. ஆனா நாறல" என்றாள்.

இது மீன் தொட்டி இல்லை, மீன் போட்டு ஓட்டும் கீரை மிஷின். அப்படி நினைத்து வாங்கினால் ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். மீனுக்காக என்றால் வாங்காதீர்கள். பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கூடம் என்றால் யோசிக்காமல் வாங்கலாம், சோதனைச் சொட்டு பாட்டில் மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியில் வராது.

குஞ்சுகளை ஐந்து வாரம் கழித்து அனுப்பக் கூடாதா என்று கம்பெனிக்கே போன் போட்டேன். "மேடம், மீன் இல்லாம போனா கஸ்டமர் பணம் கட்ட மாட்டாங்க" என்றார் அந்தத் தம்பி. சரியாகத்தான் சொன்னார். கோடையில் ஊருக்குப் போனபோது மோட்டாரை நிறுத்தியதில் பாக்டீரியா எல்லாம் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து, இந்த முறை பாடப் புத்தகப்படி. தொட்டியில் மீன் இல்லை, பாக்டீரியாவுக்குத் தீனியாக தினம் கொஞ்சம் அம்மோனியம் குளோரைடு மட்டும். மூன்றாவது வாரம் ஓடுகிறது. நேற்று துணி காயப்போட வந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வெறும் தண்ணிக்காட்டி கரண்டு பில்லு கட்டுத?"