பழைய மரக்கன்றுக் காப்புக் குழாய்: மறுபடி மாட்டலாமா, உருக்கலாமா?

பிரிட்டனில் 1979-ல் வனவியலாளர் கிரஹாம் டூலி சோதித்துப் பார்த்த, மரக்கன்றைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் குழாய்தான் இன்று காடெங்கும் நிற்கிறது. சிறு வகை மான் கடிக்காமலிருக்க 1.2 மீட்டர் உயரம். கன்று மரமானதும் குழாயை என்ன செய்வது?

கழற்றி அடுத்த கன்றுக்கு மாட்டுவதே என் முதல் தேர்வு. புதுக் குழாய்ச் செலவு மிச்சம். ஆனால் விரலால் அழுத்திப் பாருங்கள். பல வருட வெயிலில் காய்ந்தது அப்பளம் மாதிரி நொறுங்கும். சரி, அப்போது மறுசுழற்சிதான். அதிலும் வேலை உண்டு: மண், பாசி, உள்ளே குடியிருக்கும் நத்தை, கட்டுப்பட்டை, மரக்குச்சி எல்லாம் நீக்க வேண்டும். அப்புறம்தான் அரைத்து உருக்குவார்கள். குழாயை அப்படியே லாரியில் ஏற்றினால் பெரும்பாலான இடத்தைக் காற்றுதான் அடைக்கும். நீளவாக்கில் கிழித்து, தட்டையாக அடுக்கிக் கட்டுங்கள்.