ராயல் பாமா, பாக்ஸ்டெயிலா?

நர்சரியில் மூன்றடிக் கன்றாக நிற்கும்போது இந்த இரண்டு அலங்காரப் பனை வகைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைக்காரர் சொல்லும் பெயரை அப்படியே நம்பாமல் கீற்றின் நுனியைப் பாருங்கள். ராயலில் அது ஒல்லியாகிக் கூராக முடியும். பாக்ஸ்டெயிலில் ஆடு கடித்ததுபோல் பிய்ந்திருக்கும். பாக்ஸ்டெயிலின் ஓலை பெயருக்கேற்ப நரிவால்போல் புசுபுசுவென்று இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். அந்த அடர்த்தி மரம் வளர்ந்த பிறகுதான் வரும்.

ராயல் கியூபாவின் தேசிய மரம். 20 மீட்டர் உயரம் அதற்குச் சாதாரணம். அகலச் சாலைக்கும் கல்லூரி வாசலுக்கும் வரிசையாக வைத்தால் கம்பீரம்தான். ஆனால் முற்றிய மட்டை, தண்டைச் சுற்றியிருக்கும் அடியுறையோடு பல கிலோ கனம். அது தானாகக் கழன்று விழும், கீழே கார் நிற்கிறதா என்று பார்க்காது. அரை கிரவுண்ட் வீட்டில் இதை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அதுவும் மின்கம்பிக்கு அடியில்!

பாக்ஸ்டெயிலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் கேப் மெல்வில். அதற்குத் தாவரவியல் பெயர் கிடைத்ததே 1983-இல்தான். பாறைக் குன்றுகளில் வளர்ந்த மரம் என்பதால் வறட்சியைத் தாங்கும், தேங்கும் நீரைத்தான் தாங்காது. பெரும்பாலும் 10 மீட்டர் அளவில் நின்றுவிடும். வீட்டுக்கு என் ஓட்டு இதற்கே. களிமண் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும்: மேடாக்கி நட முடியாவிட்டால் ராயல்தான் பிழைக்கும், அதற்கு ஈரம் பிடிக்கும்.

நடும் முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. பையில் வேரோடு இருக்கும் மண்கட்டியைப்போல் இரண்டு மடங்கு அகலத்தில் குழி எடுங்கள். பையைக் கிழித்து, தாய்மண் உதிராமல் இறக்குங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் வெளியிலும். ஆடாமல் நிற்கட்டும் என்று தண்டை ஆழமாகப் புதைப்பவர்கள் உண்டு, தண்டு அழுகிப்போகும். ஆடினால் குச்சி கட்டுங்கள். முதல் சில மாதங்கள் இரண்டுக்குமே தவறாமல் தண்ணீர் வேண்டும், வறட்சி தாங்குவதெல்லாம் வேர் பிடித்த பிறகுதான்.

அப்புறம், குருத்தில் ஒரு கண் இருக்கட்டும். பனை, தென்னைபோல இவற்றுக்கும் அது ஒன்றுதான். காண்டாமிருக வண்டு குடைந்து அது அழிந்தால் பக்கத்தில் வேறு கிளைக்காது. அடிமட்டை மஞ்சளடிக்கிறது என்று அரிவாளையும் எடுக்காதீர்கள். முழுதாகக் காயும்வரை அதிலிருக்கும் சாம்பல் சத்தை (பொட்டாசியம்) மரம் புது ஓலைக்கு எடுத்துக்கொண்டிருக்கும்.