வெப்சைட் படத்தைச் சரிபண்ணித் தருகிறேன் என்று 6,500 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள் – வட சென்னை மக்களே உஷார்

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். இதே மாதிரிக் கடைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இதைப் படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் காசிமேட்டில் கருவாட்டு வியாபாரம். நெத்திலி, வஞ்சிரம், சுறா எல்லாம் ராயபுரம் வீட்டிலேயே பாக்கெட் போட்டு வெளியூருக்கும் அனுப்புகிறோம். அதற்காக வீடியோ பார்த்துப் பார்த்து நானே ஒரு வெப்சைட் செய்தேன். வீட்டு லேப்டாப்பில் படமெல்லாம் பளிச்சென்று வந்தது. ஹோஸ்டிங்கில், அதாவது வெப்சைட்டை நெட்டில் வைக்க வாடகைக்கு எடுத்த இடத்தில், ஏற்றியதும் ஒன்றுகூட வரவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த தாள் மாதிரி ஒரு குட்டி ஐகான், பக்கத்தில் 'நெத்திலி கால் கிலோ' என்ற எழுத்து மட்டும். கண்ணால் பார்க்காமல் கருவாடு யார் வாங்குவார்கள்?

அதுவும் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பச்சை மீன் விலை ஏறிவிடும், அப்போதுதான் கருவாட்டுக்குக் கிராக்கி. அந்த அவசரத்தில்தான் போனேன்.

ஜெராக்ஸ், பான் கார்டு, வெப் டிசைன் எல்லாவற்றையும் ஒரே போர்டில் எழுதி வைத்திருப்பார்களே, அப்படி ஒரு கடை. பேர் போடவில்லை, போட்டால் அது தனி வம்பு. "அக்கா, இது சர்வர் ப்ராப்ளம். டென்ஷன் ஆவாதீங்க, நான் பாத்துக்கிறேன். 6,500 ஆவும்" என்றான் கடைக்காரன். குறைக்கச் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. பாஸ்வேர்ட் கேட்டான், கொடுத்தேன்.

வேலை முடிந்தது என்று கூப்பிட்டபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவன் லேப்டாப்பில் காட்டியிருந்தால்கூடச் சந்தேகம் வந்திருக்கும். "உங்க போன் குடுங்கக்கா, உங்க நெட்லயே பாருங்க" என்று என் போனிலேயே திறந்தான். நெத்திலி வந்தது, சுறா வந்தது, அம்மா கையில் வஞ்சிரத் துண்டு பிடித்திருக்கும் படமும் வந்தது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "தம்பி நல்லா இருப்பா" என்று பையிலிருந்த நெத்திலி பாக்கெட்டை வேறு எடுத்துக் கொடுத்தார். அங்கேயே ஜிபே பண்ணினேன், 6,500. பில் கேட்டதற்கு "அப்புறம் வாட்ஸ்அப்ல அனுப்பறேன்க்கா". பில் வரவே இல்லை.

அந்த மாதம் முடிவதற்குள் எல்லாப் படமும் மறுபடி காணோம்.

போன் செய்தால் "கேஷ் கிளியர் பண்ணுங்கக்கா." பிரவுசரில் சேர்ந்திருக்கும் பழைய பதிவைச் சொல்கிறான். அழித்துப் பார்த்தேன். "உங்க நெட்டு ஸ்லோவா இருக்கும்." பக்கத்து வீட்டு வைஃபையில் பார்த்தேன், அதே கிழிந்த தாள். "சர்வர் மாத்திக்கிட்டிருக்கோம், நாளைக்கு வந்துடும்." எந்த நாளைக்கு? அப்புறம் ப்ளூ டிக் விழும், பதில் வராது. கடைசியில் விஷயத்துக்கு வந்தான்: "வருஷம் 3,000 ஏஎம்சி போட்டீங்கன்னா படம் போவாதுக்கா." ஏஎம்சி என்றால் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தமாம்.

டிப்ளமா படிக்கும் அக்கா பையன் வந்து பார்த்தான். "சித்தி, படத்து மேல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் போங்க." போனால், ஒவ்வொரு படத்தின் முகவரியும் எங்கள் சைட்டில் இல்லை. அந்தக் கடையின் சொந்த சர்வரில் இருக்கிறது! எங்கள் படத்தை அங்கே காப்பி பண்ணி, லிங்கை மட்டும் மாற்றியிருக்கிறான். அவன் அங்கே அழித்தால் இங்கே படம் போய்விடும். பிணைக்கைதி பிடிப்பது என்றால் இதுதான். எங்கள் ஃபோல்டரில் நான் ஏற்றிய படங்கள் தொடாமல் அப்படியே கிடக்கின்றன.

முதலில் ஏன் வரவில்லை என்பது இன்னும் எரிச்சல். கேமரா வைத்த ஃபைல் பெயர் ஜேபிஜி (JPG) என்று கேப்பிடல் எழுத்தில் முடிகிறது, வெப்சைட் கோடிங்கில் சின்ன எழுத்து (jpg). விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும். பெரும்பாலான ஹோஸ்டிங் ஓடுவது லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தில், அதற்கு இரண்டும் வேறு வேறு ஃபைல். பெயரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் சாப்பிட உட்காருவதற்குள் பையன் முடித்துவிட்டான். இதற்கு 6,500 ரூபாய்!

நேரில் போய்க் கேட்டேன். "அன்னிக்கு வேலை முடிஞ்சு படம் வந்துச்சா இல்லியா? நீங்களே பாத்தீங்கல்ல" என்று திருப்பிக் கேட்கிறான். பக்கத்தில் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

சரி, சொல்கிறேன் என்றேனே. கோபத்தில் எல்லாம் நினைவுக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் பிரவுசரில் எஃப்12 கீயைத் தட்டி நெட்வொர்க் என்பதைத் திறந்து, பக்கத்தை ரீலோட் பண்ணிப் பாருங்கள். 404 என்று வந்தால் அந்த முகவரியில் ஃபைல் இல்லை என்று அர்த்தம். பெயர், பெரிய எழுத்து சின்ன எழுத்து, ஃபோல்டர் மூன்றையும் ஒப்பிடுங்கள். முகவரி சி டிரைவில் ஆரம்பித்தால் அது உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் தெரியும். ஐபோன் படம் ஹெச்இஐசி (HEIC) ஃபார்மேட்டில் இருந்தால் ஜேபிஜி-யாக மாற்றி ஏற்றுங்கள், ஹெச்இஐசி படம் குரோமில் வராது. யாரிடமாவது வேலை கொடுத்தால் முடிந்த கையோடு பாஸ்வேர்டை மாற்றுங்கள், படம் உங்கள் சர்வரிலிருந்துதான் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில் கையில் வராமல் ஜிபே பண்ணாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். 6,500 திரும்பி வருமா தெரியாது. இன்று காலையில்கூட அந்தக் கடையிலிருந்து மெசேஜ்: "அக்கா, ஏஎம்சி ஆஃபர் இந்த வாரம் மட்டும், 2,500."